காலிமுகத்திடலில் ஒரு சித்திரை மாலை

கொழும்பில் படித்த, உத்தியோகம் பார்த்த, அல்லது வெளிநாடு போகிற வழியில் வெள்ளவத்தையில் அறை எடுத்துப் பத்து நாள் தங்கிய நம் கல்லூரிப் பழைய மாணவர்களில் காலிமுகத்திடலைக் காணாதவர் எவரும் இருக்க முடியாது. முதற் சம்பளம் எடுத்த அன்று இறால் வடை தின்றவர்கள், பெண் பார்க்கும் படலத்தை வீட்டில் வைக்காமல் அங்கே காற்று வாங்கும் சாக்கில் முடித்துக்கொண்டவர்கள், விசா கிடைக்காத மனவருத்தத்தில் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தவர்கள் என்று நம்மவர்களுக்குள்ளேயே எத்தனையோ பேர் உண்டு. "கோல்பேசுக்குப் போவம்" என்று ஒருவர் சொன்னால் போதும், சாரத்தை மாற்றிக்கொண்டு மற்றவர்களும் புறப்பட்டுவிடுவார்கள்.

அந்த இடத்திலே அப்படி என்னதான் இருக்கிறது? மேற்கே கடல். கிழக்கே காலி வீதி. நடுவிலே அரைக் கிலோமீற்றர் நீளத்துக்குப் புல்தரை. விக்டோரியா பூங்கா என்று முன்னர் சொல்லப்பட்ட விகாரமகாதேவிப் பூங்காவைப் போல மரங்களும் பூம்பாத்திகளும் இங்கே இல்லை. காலி என்பது ஊரின் பெயர் என்றாலும், தமிழிலே காலி என்றால் வெறுமை என்றும் ஒரு பொருள் இருப்பது இந்தத் திடலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. இந்த வெறுமையை உண்டாக்கியவர் யார், அதைக் காப்பாற்றியவர் யார், அதிலே யார் யார் வந்து நின்றார்கள் என்பதே இதன் சரித்திரம். நம்முடைய சரித்திரத்திலும் ஒரு பெரிய பங்கு அங்கே கிடக்கிறது. ஆகவேதான் ஒன்றுகூடல் மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதைப்பற்றி எழுதலாம் என்று எண்ணினேன்.

பீரங்கிக்காக வெறுமையாக்கிய நிலம்

போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656 மே மாதத்தில். ஏழு மாத முற்றுகை. உள்ளே இருந்தவர்கள் பசியாலும் நோயாலும் வாடி வதங்கிய பிறகே கோட்டை கைமாறியது. முற்றுகையிட்டுப் பிடித்தவனுக்குத்தான் முற்றுகையின் சூட்சுமம் தெரியும். கோட்டைக்கு முன்னால் மரமோ வீடோ மேடோ இருந்தால் எதிரி அதன் பின்னால் மறைந்து மறைந்து வருவான். ஆகவே கோட்டையின் தென்புறத்தில், காலிக்குப் போகிற பாதைப் பக்கமாக இருந்த நிலத்தை ஒல்லாந்தர் வெட்டவெளியாகவே வைத்திருந்தார்கள். பீரங்கிக் குண்டு தடையில்லாமல் பாய வேண்டும் என்பதே நோக்கம். இன்று பிள்ளைகள் பட்டம் விடுகிற இடம் அன்று குண்டு விழுவதற்கென்று ஒதுக்கிய இடம். கரையோரத்தில் இன்றும் கடலைப் பார்த்தபடி சில பழைய பீரங்கிகள் இருக்கின்றன. அவற்றின்மேல் ஏறி நின்று படம் எடுக்காத பிள்ளைகள் குறைவு.

1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களுக்கு அஞ்சுவதற்கு ஆள் இல்லை. 1815ல் கண்டியும் அவர்கள் வசமாயிற்று. 1869ல் கோட்டை மதில்களையே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பீரங்கிக்கு வேலை போனபின் இந்த நிலம் விளையாட்டுக்கு வந்தது. 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திலே இங்கே குதிரைப் பந்தயம் ஆரம்பமாயிற்று. அப்போது திடல் இன்று இருப்பதைவிடப் பெரியது. பேரை வாவி வரை நீண்டு கிடந்தது. பந்தயம் 1893ல் கறுவாத்தோட்டத்துக்குப் போகும் வரையில் குதிரையும் பந்தயக்காரருமே இங்கே ராசாக்கள்.

கல்லிலே எழுதிய வேண்டுகோள்

கடந்த சித்திரை விடுமுறையில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஆறு பேர் கொழும்பிலே சந்திக்க வாய்த்தது. வெக்கை தாங்க முடியாத நாள். நாலரை மணிக்கு மேல் பஸ் ஏறி, காலிமுக ஹொட்டேல் முன்னால் இறங்கினோம். 1864ல் திறந்த ஹொட்டேல் அது. தேநீருக்கு அங்கே சொல்கிற விலையைக் கேட்டுவிட்டு, கனடாவில் இருந்து வந்த நண்பர்கூட, "வேண்டாம் மச்சான், வெளியில கடலையே வாங்குவம்" என்றுவிட்டார்.

தென்கோடியில் தொடங்கி வடக்கு நோக்கி நடந்தோம். கடற்சுவரை ஒட்டிய நடைபாதையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகிறவர்கள் ஆயிரம் பேர், நின்று வாசிப்பவர் ஒருவரோ இருவரோ. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856ல் இந்த நடைபாதையைத் தொடங்கினார், 1859ல் அது முடிந்தது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி இதைத் தமக்குப் பின் வருபவர்களிடம் அவர் ஒப்படைக்கிறார் என்பது அதன் சாரம்.

அந்தக் கல்லை உற்றுப் பார்த்தால் ஒரு விசயம் புலப்படும். அதிலே சட்டம் இல்லை, கட்டளை இல்லை. பின்னால் வருகிறவனிடம் ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். வார்ட் இலங்கையில் 1855 முதல் 1860 வரை இருந்தார். பிறகு சென்னைக்குக் கவர்னராக மாற்றலாகிப் போனார். 1860 ஜூலையில் பதவியேற்றவர், ஒரு மாதம் முடியுமுன்னே, ஓகஸ்ட் 2ஆம் திகதி, வாந்திபேதி கண்டு அங்கேயே காலமானார். மண்ணை விட்டுப்போனவர் விட்டுச்சென்ற வேண்டுகோள் மட்டும் இங்கே கல்லிலே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதுதான் மீதிக் கதை.

எங்கள் வகுப்பு எஞ்சினியர் நண்பருக்குப் பொறுமை இல்லை. "இந்தப் புல்லைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார். அவரை மடக்கக் கிரிக்கெட்டை எடுத்துவிட்டேன். றோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் பெரிய போட்டி இருக்கிறதே, அதன் முதல் ஆட்டம் 1879ல் நடந்தது இந்தத் திடலிலேதான். இன்று தாஜ் சமுத்திரா ஹொட்டேல் நிற்கிற பக்கம். அந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் சேர்ந்து விளையாடினார்கள். மாணவர்கள் பேரை வாவியைப் படகிலே கடந்து விளையாட வந்தார்கள் என்றும் சொல்வார்கள். நம் கல்லூரியின் பெரிய போட்டி நாட்களில் தப்படித்து, கொடி பிடித்து, லொறியில் ஊர்வலம் போனவர்கள் நாங்கள். இதைக் கேட்டதும் நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இதுவும் எங்கட இடந்தான்" என்றார்.

வடக்கு முனைக் கட்டடம்

நடந்து நடந்து வடகோடிக்கு வந்தால் கல்தூண்கள் வரிசையாக நிற்கும் பெரிய கட்டடம். 1930 ஜனவரி 29ல் திறக்கப்பட்ட பழைய சட்டசபை. பின்னர் அதுவே பாராளுமன்றம். 1982ல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போன பிறகு ஜனாதிபதி செயலகம் ஆயிற்று. அதன் வளவிலே சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கும் சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் சிலைகள் உண்டு. இலங்கை முழுவதற்கும் தலைவர்களாக நம்மவர்கள் மதிக்கப்பட்ட காலத்தின் சாட்சிகள் அவை.

சுதந்திரம் கிடைத்த 1948லேயே மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் நிறைவேறியதும் இந்தக் கட்டடத்துக்குள்ளேதான். அப்போதைய பிரதமர் டி.எஸ். சேனநாயக்க குதிரையேற்றத்தில் பிரியமுள்ளவர். 1952 மார்ச் 21ஆம் திகதி காலையில் இதே திடலில் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார், மறுநாள் காலமானார். ஒரு பிரதமரின் கடைசிச் சவாரியும் இந்தப் புல்லிலே முடிந்தது.

1956 ஜூன் 5

நமக்கு முக்கியமான நாள் அதன் பிறகு வருகிறது. 1956 ஏப்ரில் தேர்தலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வென்றார். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற மசோதா ஜூன் 5ஆம் திகதி பாராளுமன்றத்துக்கு வந்தது. அன்று காலை எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களும் தொண்டர்களுமாகச் சுமார் 200 பேர் பாராளுமன்றத்துக்கு எதிரே இந்தத் திடலில் சத்தியாக்கிரகம் இருக்க வந்தார்கள். தமிழறிஞர் தனிநாயகம் அடிகளும் அவர்களோடு இருந்தார். கையில் ஆயுதம் கிடையாது. அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை என்ற விரதம்.

காடையர் கூட்டம் சூழ்ந்தது. கல் விழுந்தது, அடி விழுந்தது. சிலரைத் தூக்கிப் பேரை வாவியில் போட்டார்கள். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. வட்டுக்கோட்டையின் இளம் பாராளுமன்ற உறுப்பினர் அ. அமிர்தலிங்கம் தலை உடைந்து, கட்டுப் போட்டபடி சபைக்குள் போனார். அவருடைய காயத்தைப் பிரதமர் சபையிலே பரிகாசமாகக் குறிப்பிட்டதும் பதிவாகியிருக்கிறது. கொழும்பில் தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன. கலவரம் கல்லோயா வரை பரவி உயிர்களைக் குடித்தது. ஜூன் 15ல் 56க்கு 29 என்ற வாக்கில் மசோதா நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் சிங்கள இடதுசாரித் தலைவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஒரு மொழி என்று பிடிவாதம் பிடித்தால் நாடு இரண்டாகும், இரு மொழி என்றால் நாடு ஒன்றாக இருக்கும் என்று கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தது அந்த விவாதத்திலேதான்.

எங்கள் ஐயா அப்போது கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். அன்று மத்தியானம் பெரிய கிளாக்கர், அவர் ஒரு சிங்களவர், தமிழ் ஆட்களைக் கூப்பிட்டு, கோல்பேஸ் பக்கம் தலைகாட்டாமல் நேரத்தோடு றெயிலில் வீட்டுக்குப் போகச் சொன்னாராம். ஐயா அதை நன்றியோடுதான் சொல்வார். பிறகு சிங்களப் பரீட்சை எழுத மனமில்லாமல் நேரத்தோடு பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். சின்ன வயதில் என்னைக் கொழும்பு காட்டக் கூட்டிப்போனபோது திடலுக்கும் கொண்டுபோனார். கடலை வாங்கித் தந்தார், பட்டம் வாங்கித் தந்தார். ஆனால் தான் மட்டும் புல்லிலே இருக்கவில்லை. கடற்சுவரைப் பிடித்துக்கொண்டு, பாராளுமன்றத்துக்கு முதுகு காட்டியபடி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, வாங்கோவன், இருங்கோவன்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "நீ விளையாடு தம்பி, நான் நிக்கிறன்" என்றார். அவ்வளவுதான் அவர் அதைப்பற்றிச் சொன்னது.

இப்படி நின்றவர்கள் எத்தனை தகப்பன்மாரோ! நம் கல்லூரியில் படித்துக் கிளறிக்கல் பரீட்சை எழுதிக் கொழும்புக்குப் போன ஒரு தலைமுறையே அந்த ஒரு சட்டத்தால் திசை மாறியது. அதன் பிள்ளைகள் பல நாடுகளில் சிதறிப்போய், இன்று ஒன்றுகூடலுக்கு விமானம் ஏறி வரவேண்டி இருக்கிறது என்றால், அந்தக் கதையின் ஒரு முனை இந்தப் புல்லிலே புதைந்திருக்கிறது.

அதே புல், வேறு நாட்கள்

பின்னர் முப்பது வருட யுத்தம். அந்த நாட்களில் கோட்டைப் பக்கம் போவதென்றால் அடையாள அட்டை இல்லாமல் முடியாது. தமிழிலே உரத்துப் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஜூன் 3ஆம் திகதி வெற்றி அணிவகுப்பு நடந்தது இந்தத் திடலில். வன்னியில் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த சனம் அதைத் தொலைக்காட்சியில் எப்படிப் பார்த்திருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

ஆனால் அதே புல்லில் இன்னும் இரண்டு நாட்கள் வந்தன. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின விழாவில், 1949க்குப் பிறகு முதற் தடவையாக, தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. தமிழும் அரசகரும மொழி என்று 1987லேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. காதால் கேட்க இத்தனை வருடம் சென்றது. 2020ல் அரச விழாவில் அதை மறுபடி நிறுத்தியும் விட்டார்கள்.

2022ல் எரிபொருளும் எரிவாயுவும் மருந்தும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, ஏப்ரில் 9ஆம் திகதி இளைஞர்கள் இந்தத் திடலில் கூடாரம் அடித்தார்கள். கோட்டா கோ கம என்று பெயர் வைத்தார்கள். நூலகமும் சமையற்கூடமும் மருத்துவக் கூடாரமும் அங்கே முளைத்தன. மே 9ஆம் திகதி அவர்களையும் அடியாட்கள் வந்து தாக்கினார்கள். 1956ல் நடந்ததை அறிந்தவர்களுக்கு அது புதுக் காட்சி அல்ல. ஒன்பது நாள் கழித்து, மே 18ஆம் திகதி, அதே திடலில் சிங்கள, தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் சேர்ந்து முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் செய்து கஞ்சி பரிமாறினார்கள். ஜூலை 9ஆம் திகதி சனம் அந்தப் பழைய பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்தது; 14ஆம் திகதி ஜனாதிபதி பதவி விலகினார். 22ஆம் திகதி விடியுமுன் இராணுவம் வந்து கூடாரங்களைப் பிய்த்தது.

இதனாலே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு நேரக் கஞ்சியால் காணாமற்போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். ஆனாலும், வெற்றி அணிவகுப்பு நடந்த நிலத்தில் பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு சிங்களப் பிள்ளை சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடித்ததைச் சின்ன விசயம் என்று தள்ளவும் மனம் வரவில்லை.

அன்று மாலை நாங்கள் கண்டது

இதையெல்லாம் பேசிக்கொண்டு நடந்தோம். ஆறு மணிக்குச் சிப்பாய்கள் வந்து கொடியை இறக்கினார்கள். சூரியன் கடலுக்குள் இறங்கப் புல்தரை நிரம்பிவிட்டது. மருதானையில் இருந்து வந்த முஸ்லிம் குடும்பம் பாய் விரித்துச் சோற்றுப் பெட்டியைத் திறந்தது. ஒரு சிங்களத் தாய் பிள்ளையின் பட்டத்துக்கு வால் கட்டினாள். மலையகத்தில் இருந்து வந்த பெடியன்கள் கடலை முதன்முதலாகக் கண்டவர்கள்போலக் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு நின்றார்கள். குடையின் கீழ் சோடிகள் வழக்கம்போல இருந்தார்கள். அது எக்காலத்துக்கும் மாறாது. இறால் வடைக்காரர் எங்களைக் கண்டதும் சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்கு மாறினார். "அண்ணை, சூடா இருக்கு, எத்தினை?" என்றார்.

வடக்கே பார்த்தால் முன்பு கடல் இருந்த இடத்தில் துறைமுக நகரம். 2014ல் தொடங்கி 2019 தொடக்கத்தில் 269 ஹெக்டேயர் கடலை மண் கொட்டி நிலமாக்கி முடித்தார்கள். கிழக்கே, முன்னாள் இராணுவத் தலைமையகம் இருந்த வளவில் வானை முட்டும் ஹொட்டேலும் அங்காடியும். அந்த ஹொட்டேல் 2019 ஏப்ரில் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் இலக்கான இடங்களில் ஒன்று. எஞ்சினியர் நண்பர் நிலத்தின் பெறுமதியை மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு பேர்ச் என்ன விலை போகும்! இதை இன்னும் வெறுமையா வைச்சிருக்கிறதுதான் அதிசயம்" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் புல்லிலே சம்மணம் கட்டி இருந்தார். நாங்களும் இருந்தோம்.

இளம் பழைய மாணவர்களுக்கு

காலிமுகத்திடலின் சிறப்பு அதிலே கட்டியது எதுவும் அல்ல, கட்டாமல் விட்டதுதான். பீரங்கிக்காக விட்டார்கள், குதிரைக்காக விட்டார்கள், பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக விட்டார்கள். வெறுமையாக இருந்தபடியால்தான் 200 பேர் வந்து சத்தியாக்கிரகம் இருக்க இடம் இருந்தது, கஞ்சிப் பானை வைக்கவும் இடம் இருந்தது. ஓர் ஊரிலே எல்லாச் சனமும் காசு கொடுக்காமல் வந்து இருக்கக்கூடிய ஒரு நிலம் வேண்டும். அது இல்லாத ஊரில் ஒருவரை ஒருவர் காண்பதற்கே வழி இல்லை.

யாழ்ப்பாணத்தில் நமக்கும் முற்றவெளி இருக்கிறது. அதுவும் ஒல்லாந்தர் கோட்டைக்கு முன்னால் கிடக்கிற வெட்டவெளிதான். நாம் கிரிக்கெட் பார்த்ததும், கூட்டம் கேட்டதும், கார்னிவலுக்குப் போனதும், 1974ல் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் உயிர்களைப் பறிகொடுத்ததும் அங்கேதான். இரண்டு வெளிகளுக்கும் பிறப்பு ஒன்று, பாடும் ஒன்றுதான்.

ஆகவே கொழும்புக்குப் போகிற தம்பி தங்கையருக்கு ஒரு சொல். திடலுக்குப் போங்கள், பட்டம் விடுங்கள், வடை தின்னுங்கள். போகிறபோது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், வார்ட் வைத்த கல்லை வாசித்துக் காட்டுங்கள். பிறகு வடக்கே நடந்து, பழைய பாராளுமன்றத்துக்கு எதிரே உள்ள புல்லைக் காட்டி, 1956 ஜூன் 5ல் இங்கே யார் யார் இருந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். அங்கே அதற்கு நினைவுக்கல் எதுவும் தேவையில்லை, சொல்லுகிறவர்கள் இருந்தால். நின்றபடியே கடலைப் பார்த்த தகப்பன்மாருக்காக, பிள்ளைகளோடு அந்தப் புல்லிலே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.